இறங்கி வந்த சிங்கப்பல்

மாடிப்படியில் யாரோ இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிப் போனார்கள்.

திருமூர்த்தி கூடத்தில் உட்கார்ந்து உடுமலை வியாபாரி ஒருவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரம். கொப்பரைக் களத்திலிருந்து, பகலெல்லாம் வெயிலில் முறுகிய தேங்காயின் எண்ணெய் வாசம் சன்னல் வழியே வந்து சுவரெல்லாம் அப்பியிருந்தது. மேற்கே கணவாய்ப் பக்கமிருந்து கிளம்பிய காற்று தென்னை மட்டைகளை உரசிக்கொண்டு, மழை வாசனையைக் கொண்டு வருவதும் உடனே திருப்பி எடுத்துக்கொண்டு போவதுமாக இருந்தது. அத்தனைக்கும் நடுவில் அது தெளிவாகக் கேட்டது. தொப். சின்ன இடைவெளி. தொப். மறுபடி இடைவெளி. கடைசியில் மேல்படியில் இரண்டு காலையும் சேர்த்து ஒரு குதி.

"அப்பறம் கூப்படறனுங்க" என்று போனை வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது. அந்த வீட்டில் அப்படி மாடி ஏறுகிறவள் ஒருத்திதான். மூத்தவள் கனிஷ்கா. அவள் இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

மெதுவாக ஏறிப் பார்த்தார். மாடி அறை வாசலில் சின்னவள் லோகப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். மேலுதடு வீங்கியிருந்தது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நீயா அம்மணி இப்ப ஓடியாந்தே?"

"நான் எங்கீங்ப்பா ஓடறது? தலைய அசைச்சாலே விண்ணுவிண்ணுங்குது."

அவள் சொன்னதும் சரிதான். இந்த வாரம்தான் அவளுக்கு மேல் அண்ணத்தைக் கீறி ஆப்பரேசன் செய்திருந்தார்கள். களத்தில் ஆட்கள் மூட்டை போட்டிருப்பார்கள், அதுதான் இங்கே கேட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். இறங்கும்போது கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். அது இன்னும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

லோகுவுக்குப் பதினாறு முடியப் போகிறது. மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பால்பல் மட்டும் விழாமல் அரிசி மணி மாதிரி நின்றுவிட்டது. பல்வரிசையைச் சரிசெய்யும் டாக்டர் நிதாவிடம் காட்டலாம் என்று கிணத்துக்கடவிலிருந்து கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள். அவர் ஸ்கேன் படத்தைத் திரையில் மெல்லச் சுழற்றிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மகளின் தலையெலும்பு. மூக்குக்குக் கீழே, அண்ணத்து எலும்புக்குள், ஒரு முழுப் பல் குறுக்கே படுத்துக் கிடந்தது.

"சிங்கப்பல்லுங்க, அந்தக் கோரைப்பல்லு. வளந்துருச்சு. ஆனா எறங்கறதுக்கு வழி தெரியல. இப்பிடியே உட்டா பக்கத்துப் பல்லோட வேரைக் கரைச்சுரும்."

"புடுங்கீரலாங்ளா?"

"நல்ல பல்லுங்க, எதுக்குப் புடுங்கோணும்? பால்பல்லை எடுத்துட்டு, அண்ணத்தைத் திறந்து, அந்தப் பல்லு மேல ஒரு பட்டன் ஒட்டி, மெல்லிசாச் சங்கிலி கோத்துருவாங்க. சங்கிலிய நான் கிளிப்புக் கம்பியில கட்டி மாசாமாசம் நூல் இறுக்கிட்டு வருவேன். வருசம் ஒண்ணு ஆகும். பலமா இழுக்கறதுன்னு பயந்துக்காதீங்க. மெதுவாக் கூப்படறோம், அவ்வளவுதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தியின் மனைவி மதிவதனி கேட்டாள்: "கூப்புட்டா வருமுங்ளா?"

"வருமுங்க" என்று டாக்டர் சிரித்தார்.

ஆப்பரேசனை சுந்தரராஜுலு என்ற வயதான டாக்டர் செய்தார். வெளியே வந்து, "தொந்தரவே இல்லைங்க. திறந்ததும் அங்கயே காத்துட்டிருந்த மாதிரி இருந்துச்சு" என்றார். தைரியம் சொல்லத்தான் சொன்னார்.

கனிஷ்கா போனது ஒரு ஐப்பசி மழையில். டெங்குக் காய்ச்சல். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து தலைவலி என்று வந்தவள் சனிக்கிழமை இல்லை. சிரித்தால் முதலில் வெளியே தெரிவது அவளுடைய தெத்துப்பல்தான். இடது பக்கச் சிங்கப்பல் பக்கத்துப் பல்லின்மேல் ஒருக்களித்து ஏறி நிற்கும். வீட்டுக்கு வரும் ஒறம்பரைச் சொந்தங்கள் கிளிப் போடச் சொன்னபோதெல்லாம், "போங்க, இது இல்லீன்னா எங்கம்மாளுக்கே என்னை அடையாளம் தெரியாது" என்பாள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சாப்பிடுவாள், கதவை அடித்துச் சாத்துவாள். அவள் போனதும் வீடு காது அடைத்துப்போனது மாதிரி ஆகிவிட்டது.

மதிவதனி அந்த வருஷம் முழுக்கப் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். பன்னிரண்டு வயது லோகுதான் அடுப்பைப் பற்றவைத்தாள். குழைந்துபோன சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, ஒரு தட்டை அம்மாவுக்கும் ஒரு தட்டைக் களத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர்கள் சாப்பிடும்வரை ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நிற்பாள். அவள் எப்போது சாப்பிட்டாள், எப்போது அழுதாள் என்று இருவரும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது திருமூர்த்திக்குப் பின்னால்தான் உறைத்தது.

முதல் முறை நூலை இறுக்கிவிட்டு வந்த வாரம், லோகு எப்போதும் தட்டில் ஒதுக்கும் கறிவேப்பிலையைக் கனிஷ்கா மாதிரி மென்று தின்றாள். இரண்டாவது முறைக்குப் பிறகு, குளியலறையிலிருந்து சீழ்க்கைச் சத்தம் கேட்டது. லோகுவுக்குச் சீழ்க்கை அடிக்கத் தெரியாது. அதுவும் கம்பியும் சங்கிலியுமாக இருக்கும் வாயில் யாருக்கும் அது லேசில் வராது. திருமூர்த்தி கதவுக்கு வெளியே நின்று, குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தத்துக்குள் அது மறைவதையும் மறுபடி மேலே எழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். சோப்பு வாசனையோடு கதவிடுக்கில் இன்னொரு வாசனை கசிந்தது. கனிஷ்கா கடைசியாகப் போர்த்தியிருந்த மருத்துவமனைப் போர்வையின் வாசனை. கதவு திறந்தது. லோகு தலை துவட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னங்ப்பா, இங்க நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு."

ஆடி மாசத்தில் ஒருநாள் களத்திலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். சமையலறையில் மதிவதனி சிரித்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாகக் கேட்காத சத்தம். அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சாமியைக் கும்பிடக்கூடக் கை எழுந்தது. அதற்குள் அவள் பேசியது காதில் விழுந்தது.

"போதும் கனி, எண்ணெய் தெறிக்குது, அக்கட்ட போ."

"போறனுங்மா" என்றது உள்ளேயிருந்து.

அடுத்த முறை போனபோது டாக்டர் நிதா சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ரொம்ப வெரசா வந்துட்டிருக்குதுங்க. பாதி தூரம் வந்துருச்சு. அதுகூடப் பரவால்ல, நான் கூப்படற பக்கம் வரல. இங்க பாருங்க, எடம் பண்ணி வெச்சிருக்கறேன். அதை உட்டுட்டுப் பக்கத்துப் பல்லு மேல ஏறிட்டு வருது. பல்லு இப்பிடித் தானாத் திரும்பறத நான் பாத்ததில்லைங்க."

பக்கத்துப் பல்லின்மேல் என்றதும் திருமூர்த்தி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மதிவதனி எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்தது பயமில்லை. பஸ் நிலையத்தில், தூரத்தில் வருகிற பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிந்துவிட்டவளுடைய முகம்.

அதற்கடுத்த முறை மதிவதனிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவரும் லோகுவும் மட்டும் போனார்கள். திரும்பும்போது ஈச்சனாரி தாண்டியதும் நல்ல மழை. வைப்பர் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. லோகு கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் சாய்ந்திருந்தாள்.

"வலிக்குதா அம்மணி?"

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, மிகவும் மெதுவாக, "அப்பா, எனக்கு நாள் நடுவுல காணாமப் போகுதுங்ப்பா" என்றாள்.

"காணாமன்னா?"

"காத்தால ஸ்கூல்ல உக்காந்திருப்பேன். அப்பறம் பாத்தா சாயங்காலம் ஊட்ல இருப்பேன். நடுவுல என்ன பண்ணுனேன்னு தெரியாது. பிரண்ட்ஸெல்லாம், நீ இப்பத்தான் ஜாலியாப் பேசறேங்கறாங்க." கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். "அந்தப் பல்லு எறங்குதில்லீங்ப்பா? அது எறங்க எறங்க நான் மேல போறேன். தூங்கறப்ப நல்லாத் தெரியுது. சின்னதா ஒரு குழி. ஈரமா இருக்குது. அதுக்குள்ள என்னைத் தள்ளித் தள்ளி உக்காத்தி வெக்கறாங்க."

"யாரு கண்ணு?"

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது.

"சங்கிலிய எடுத்துபோடச் சொல்லுங்ப்பா" என்றாள். "அக்கா மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங். ஆனா எனக்குப் பயமா இருக்குதுங்ப்பா."

"எடுத்தறலாம் கண்ணு. அப்பன் இருக்கறனில்ல."

அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தார். திங்கட்கிழமை கூட்டிவாருங்கள், நூலை அறுத்துவிட்டுப் பல்லை அப்படியே நிறுத்திவைக்கலாம் என்றார் நிதா. அவருக்கும் நிம்மதிதான் என்பது குரலில் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மதிவதனி படுக்கையை விட்டு எழுந்தாள். கத்தவில்லை. அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, எம்புள்ள பாதி வழி வந்துட்டாளுங்க. நடு வழில வெச்சுக் கதவச் சாத்தச் சொல்றீங்ளா?"

"அப்ப லோகு?"

"லோகுவும் இங்கதானுங்க இருக்கறா. எங்க போயிட்டா?"

"மதி, அவ பயப்படறா."

"என்ற புள்ள கனியும் அந்த ஆஸ்பத்திரில பயந்தாளுங்க. கையப் புடிச்சுக்கங்கம்மான்னா. கண்ணாடிக்கு வெளியவே நிக்க வெச்சுட்டாங்க. இப்ப நானே கைய உதறோணுமா?"

ஆனாலும் திங்கட்கிழமை போவதென்று முடிவாகத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் நின்றிருந்தார். மழை விட்டுப்போய், ஈரக் கொப்பரையின் புளித்த வாசம் எழுந்து வந்தது. பின்னால் காலடிச் சத்தம். பெண் வந்து கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினாள்.

"அப்பா, அந்தப் பழைய பைக்கை வித்துபோட்டீங்ளா?"

"ஆமா."

"கோயில்பாளையத்துகிட்ட பெட்ரோல் தீந்துபோயித் தள்ளிட்டு நடந்தமே, நாவகம் இருக்குதுங்ளா? நீங்க தள்ளறீங்க, நான் சீட்டு மேலயே உக்காந்துட்டு இறங்க மாட்டேன்னுட்டேன். வெள்ளரிக்காயக் கீறி மொளகாப்பொடி போட்டு ஒரு ஆத்தா குடுத்தாங்களே."

லோகு அப்போது கைக்குழந்தை. அந்த மத்தியானத்தை அறிந்தவர்கள் இரண்டே பேர்.

எழுந்து போயிருக்க வேண்டும். லோகு என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தோளைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் நாலு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் எந்தக் குரலை ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்று இருந்தாரோ, அந்தக் குரல் இதோ, ஒரு கை தூரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது.

"அப்பறம்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் விடியும்போது மழை பிடித்துக்கொண்டது. "மழை நிக்கட்டும், அப்பறம் போலாம்" என்றார். யாரும் அவரைக் கேட்கக்கூட இல்லை. மழை நின்றபோது களத்தில் வேலை என்றார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை. வாசல் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் துப்பினாள். தரையில் சின்னதாக ஏதோ மின்னியது. சங்கிலி, பட்டனோடு கழன்று கிடந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

தெத்துப்பல்.

ஒருக்களித்து, பக்கத்துப் பல்லின்மேல் ஏறி. அதே சாய்வு. அதே இடம்.

மதிவதனி ஓடி வந்து அவள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். "வந்துபோட்டயா சாமி" என்று சொல்லிச் சொல்லி நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அவர் குழாயை நிறுத்தினார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

டாக்டர் நிதா அவளை வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பல்லு முழுசா வந்துருச்சுங்க. ஆனா அது முந்தி இருந்த எடம் மூடல. அண்ணத்துல ஒரு துளை அப்பிடியே நிக்குது. இந்நேரத்துக்குச் சதை மூடியிருக்கோணும். பொறுத்துப் பாக்கலாம்."

கார்த்திகை பிறந்தது. அந்த வீட்டில் கதவுகள் அடித்துச் சாத்தப்பட்டன, சமையலறையில் சிரிப்புக் கேட்டது, மதிவதனி தலையில் பூ வைத்துக்கொண்டாள். லோகு என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. திருமூர்த்தி ஒருநாள் சொல்லிப் பார்த்தார். பெண் திரும்பவில்லை. இறந்துபோன பிள்ளைக்குப் படம் மாட்டலாம், பூப் போடலாம், வருஷாவருஷம் கும்பிடலாம். இந்தப் பிள்ளைக்காக எங்கே போய் அழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. களத்தில், கொப்பரை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஒரு மழை மத்தியானம். கரண்ட் இல்லை. கூடம் சாயங்காலம் மாதிரி இருண்டிருந்தது. மதிவதனி உள்ளே படுத்திருந்தாள். பெண் சோபாவில் மல்லாந்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஓட்டுச் சார்ப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், கொசு ரீங்காரம் மாதிரி, ஒரு மெல்லிய சத்தம்.

கையை வீசினார். நிற்கவில்லை.

சன்னல் பக்கம் போனார். அங்கே இல்லை. சுவர் ஓரம். இல்லை.

சோபா பக்கம் வந்தார். கூடியது.

குனிந்தார். தூங்குகிறவளின் மூச்சு வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது. சத்தம் அந்த மூச்சில் இல்லை. மூச்சுக்கு மேலே இருந்தது.

போன் வெளிச்சத்தைப் போட்டார். பற்கள். கம்பி. அதற்குள்ளே ஈரமான, வரிவரியான அண்ணம். நடுவில் அந்தத் துளை. கடுகு அளவு. கறுப்பு.

உள்ளே ஏதோ அசைந்தது.

"...ப்பா."

மூச்சை அடக்கிக்கொண்டார்.

"அப்பா. நானுங்ப்பா."

சின்னக் குரல். தயிர்சோற்றுத் தட்டோடு பக்கத்தில் நின்றவளின் குரல்.

"மேல இருக்கறனுங்ப்பா. கை எட்ட மாட்டீங்குது. அப்பா, சாப்ட்டீங்..."

படுத்திருந்தவள் கண்ணைத் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் மெல்ல விரிந்தன, தெத்துப்பல் தெரிய. அடியில் கிடந்த நாக்கு நிதானமாக எழுந்தது. மேலே போய், அந்தத் துளையின்மேல் படிந்து, அழுத்தமாக மூடிக்கொண்டது.